சான்றிதழ் கேட்காத பேருந்து

"எங்கம்மா எறங்கணும்?"

நடத்துனர் கேட்டது அவ்வளவுதான். சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா ஊர்ப்பேரைச் சொன்னார். கையில் தூக்குவாளி, தோளில் சும்மாட்டுத் துணி. கட்டணமில்லாப் பயணச்சீட்டை வாங்கி, நான்காக மடித்து, போன் உறைக்குள் செருகிக்கொண்டார்.

ரேஷன் கார்டு வேண்டாம். வருமானச் சான்று வேண்டாம். இ-சேவை மையத்தில் நின்று ஒரு நாள் கூலியை விடவும் வேண்டாம்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் தொடங்கிய, பெண்களுக்கான இந்தக் கட்டணமில்லாப் பேருந்துத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

'வசதியானவங்களுக்கும் எதுக்கு ஓசி?' என்று இன்னமும் கேட்கிறார்கள். அட, வசதியானவர்கள் எத்தனை பேர் காலை நெரிசலில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் தொங்குகிறார்கள்? வடிகட்டும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்கிறது. காகிதத்தை வைத்து வடிகட்டினால் முதலில் விடுபடுவது இந்த அக்காதான்.

மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில், ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரியவந்தது. கூலி வீட்டில் அது சில்லறைக் காசு இல்லை.

அப்புறம் திருநங்கைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். சரி. இனி கையில் எடுக்க வேண்டியது நேர அட்டவணையை. வண்டியே வராத நேரத்தில் இலவசம் இருந்தென்ன?

அக்கா ஊருக்குக் கடைசி வண்டி சாயங்காலம் 7 மணிக்காம். கான்கிரீட் போடுகிற நாளில் வேலை அதற்குள் முடியாது. அன்றைக்கு ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபாய்.