பிறையைப் படமாக்கும் வகுப்பு: சில நாட்குறிப்புகள்

ஆகஸ்ட் 4

கணினி வினாடி வினாவில் இன்றும் புள்ளிகளுக்காக ஒரே போட்டி. திரையில் தங்கள் பெயர் மேலே ஏறினால் ஆரவாரம். ஆட்டம் முடிந்ததும் ஒரு விடைக்குக் காரணம் கேட்டேன். யாருக்கும் அதில் நாட்டமில்லை.

லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. வரைவதில் ஆசையுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். தானாக இருந்த ஆசையைப் பரிசு குறைத்துவிட்டது. புள்ளிப் பலகையைக் கொஞ்ச காலம் மூடி வைக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 6

நிலவின் பிறைகள் பாடம். கட்டுரைக்குப் பதிலாகப் படம் எடுக்கச் சொன்னேன். குழுவுக்கு ஒரு கைபேசி, மேசை விளக்கு, வெள்ளைப் பந்து. பந்தைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் நிலவு சுற்றும். எப்படிச் சொல்வது, யார் குரல் கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. பிறை ஏன் வளர்கிறது, ஏன் தேய்கிறது என்பது பார்ப்பவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

வினாடிக்கு 12 படங்கள் என்று மட்டும் சொன்னேன். அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சுமார் 29.5 நாள், நாளுக்கு 4 படம் என்றால் 118, ஏறக்குறைய 10 வினாடி. நான் கேட்காமலேயே மாணவர்கள் போட்ட கணக்கு இது.

ஆகஸ்ட் 11

ஒரு குழு பின்னணி இசை தேடியே நேரத்தைக் கரைத்தது. படங்கள் முடியும்வரை இசை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அலங்காரத்தைப் படைப்பாற்றல் என்று நான் எண்ணுவதில்லை.

இன்னொரு குழு, பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று நம்பி வேலையைத் தொடங்கியிருந்தது. விளக்குக்கும் பந்துக்கும் நடுவே, பூமியாக ஓர் உருண்டை. எடுத்த படங்களில் ஒன்றை ஒரு மாணவி இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“டீச்சர், பந்து பக்கவாட்டில் இருக்கும்போது நிழலே விழவில்லை. ஆனால் பாதிதான் வெளிச்சமாக இருக்கிறது.”

நான் வாய் திறக்கவில்லை. உருண்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தார்கள். பந்தைச் சுற்றி நகர்த்தினார்கள். கோடு போன்ற பிறை, அரை நிலவு, முழு நிலவு என வரிசையாக வந்தன. விளக்கைப் பார்த்த பாதி எப்போதும் ஒளிர்கிறது. அதில் நமக்குத் தெரியும் பங்குதான் மாறுகிறது. பாடநூலில் இருக்கும் வரிதான். ஆனால் இதற்காகப் பழைய படங்கள் அத்தனையையும் தயங்காமல் அழித்தார்கள். தேர்வுத்தாளில் ஒரு பக்கத்தை அடிக்கச் சொன்னால் அழுதுவிடுவார்கள்! தொழில்நுட்பம் வகுப்புக்குள் வரட்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இந்தத் துணிச்சலுக்காகத்தான்.

ஆகஸ்ட் 14

அதே குழு இன்று கேட்டது: “நிழல் விழுந்தால் கிரகணம் என்றால், பௌர்ணமிதோறும் ஏன் வருவதில்லை?” நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதை மட்டும் சொன்னேன். சாய்வை எப்படிக் காட்டுவது என்று உடனே வாக்குவாதம். பந்தை நூலில் தொங்கவிடலாம் என்றான் ஒருவன். அட்டை வளையத்தைச் சாய்த்து வைக்கலாம் என்றாள் மற்றொருத்தி. இரண்டையும் செய்து பார்க்கட்டும். திங்கட்கிழமை அட்டையும் கோணமானியும் எடுத்துப் போக வேண்டும்.