வந்தவன் எப்போ திரும்பிப் போவான்?

1983ல் நான் பிளஸ் ஒன். நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர்க் குளம் வெடித்துக் கிடந்தது. பயல்கள் அதற்குள் கிரிக்கெட் விளையாடினார்கள். லீவுக்குப் போனால், அம்மா ரெண்டு குடம் தண்ணீருக்காக வெயிலில் பம்புசெட் தேடி நடப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். பாளையங்கோட்டையில் பள்ளி விடுதிக்குத் திரும்பிய அன்று ராத்திரியே நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு கதை எழுதினேன்.

பொதிகை மலைக்கு மேலே ஒரு கப்பல் வந்து நிற்கிறது. வேற்றுக் கிரகத்து ஆட்கள். யாரையும் சுடவில்லை, பிடித்துக்கொண்டு போகவில்லை. மூன்றே நாளில் எங்கள் சீமையில் உள்ள எல்லாக் குளத்தையும் நிரப்பிக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். இனிமேல் மடை திறப்பதும் அடைப்பதும் அவர்கள் பொறுப்பு. வயலுக்கு வயல் தண்ணீர் திருப்பிவிடும் நீர்ப்பாய்ச்சி வேண்டாம், ஊர்க்கூட்டம் வேண்டாம், வரப்புச் சண்டையும் கிடையாது. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டுச் சம்மதிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு கப்பல் வரக்கூடாதா என்று மனசார ஏங்கித்தான் எழுதியிருந்தேன்.

பத்திரிகையைத் தைப்பது வரலாற்று சார். ஃபுல்ஸ்கேப் தாள்களைக் குத்தூசியால் குத்தி, சாக்கு தைக்கும் நூலில் கோத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டுவார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார். விரல் நுனியெல்லாம் நீலம் ஏறியிருக்கும். அந்த விரலை என் கதையின் கடைசி வரியில் வைத்துக் கேட்டார்.

"கதை நல்லாருக்குலே. வந்தவன் எப்போ திரும்பிப் போவான்?"

"எதுக்கு சார் போகணும்? நல்லதுதானே செய்றாங்க?"

"செய்யட்டும். போன்னு சொன்னா போவானா? அதை எழுதலியே நீ."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என்னை மேடை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனார். பாளையங்கோட்டையில் படித்த நமக்கெல்லாம் அது தினமும் கடந்து போன இடம். பழைய கோட்டையின் வாசல் என்பதை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். ஆற்காட்டு நவாப் கதையை அங்கே வைத்துச் சொன்னார். பாளையக்காரர்களிடம் கிஸ்தி, அதாவது வரி, வசூலிக்க நவாபுக்குப் படை வேண்டும். படை கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்தது. படைச் செலவு கடனாக ஏறியது. 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வாங்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. 1799ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து அவர் தம்பி ஊமைத்துரை தப்பினார். அந்த வருஷமே பாளையக்காரர்களின் போரும் முடிந்துபோனது. பாளையங்களின் கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். அப்போது கர்நாடகம் என்று சொன்ன நவாபின் சீமை முழுசும் கம்பெனி கைக்குப் போக, நவாபுக்கு மிஞ்சியது ஒரு பட்டமும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும்.

"முதல்ல கிஸ்தி, அப்புறம் கோட்டை, அப்புறம் கத்தி. ஒன்பதே வருஷம்லே" என்றார் சார்.

எனக்கு அப்போது அது பாதிதான் புரிந்தது. மீதி புரிய 1991 ஆனது. அப்பாவின் கடன் கழுத்தை நெரித்த நேரத்தில் வளைகுடாவில் வேலை கிடைத்தது. போய் இறங்கிய ராத்திரியே பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டார்கள். தங்க இடம், ஏசி, மூன்று வேளைச் சாப்பாடு, ஒன்றாம் தேதி சம்பளம். இரண்டு வருஷத்தில் கடன் அடைந்தது, தங்கச்சி கல்யாணம் முடிந்தது. யாராவது கேட்டால் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வோம். அது பொய்யும் இல்லை. அப்பா இறந்த தந்தி வந்தபோது பாஸ்போர்ட்டைக் கேட்டேன். பெட்டகச் சாவி வைத்திருப்பவர் லீவில் போயிருக்கிறார் என்றார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வீட்டு வாசலை மிதித்தேன்.

அதற்கப்புறம்தான் ஆர்தர் சி. கிளார்க் 1953ல் எழுதிய 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலைப் படித்தேன். 1956 முதல் 2008ல் இறக்கும் வரை, நம் தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான இலங்கையிலேயே வாழ்ந்தவர் அவர். நாவலில் பெருநகரங்களின் மேலே கப்பல்கள் வந்து நிற்கின்றன. போர், பசி, வறுமை எல்லாம் ஒழிகின்றன. மிருகங்களைக்கூடக் கொடுமைப்படுத்த முடியாது. ஆனால் விண்வெளிக்குப் போக மனிதனுக்கு அனுமதி இல்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கும், படைக்கும் வேகமும் மெல்ல அணைந்துபோகிறது. வேற்றுக் கிரகத்தான் வந்து அழிக்கிற கதைகள் எளிது; எதிரி யார் என்று தெரியும். இதில் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதனாலேயே என்னால் ராத்திரி தூங்க முடியவில்லை. கடைசியில் அவர்கள் திரும்பிப் போகத்தான் செய்கிறார்கள். அவர்கள் போகிறபோது மனித இனம் முடிந்துவிடுகிறது, பூமியும் இல்லை.

சாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

என் கதையைத் தைத்தபோது அதற்குப் பின்னால் ஒரு வெறுந்தாளையும் சேர்த்துத் தைத்தார். "பதில் தெரிஞ்சா வந்து எழுது" என்றார். பரீட்சை, காலேஜ் என்று நான் எழுதாமலே வந்துவிட்டேன். நீல மை, பச்சைக் காலிகோ முதுகு. ஊரில் இருக்கிறவர்கள் யாராவது பள்ளி நூலக அலமாரியில் அந்த 1983ஆம் வருஷத் தொகுப்பைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். ஜனவரியில் லீவுக்கு வருகிறேன்.