துன்புறுத்தியவருக்காக வேண்டுவது

சிறுவயதில் என்னை அடித்தும் இழிவாகப் பேசியும் வளர்த்த உறவினர் ஒருவருக்காக நான் நாள்தோறும் செபிக்கிறேன் என்று அறிந்தால், ‘அப்படியானால் அவர் வீட்டுக்குப் போய் வரலாமே’ என்று காரைக்குடியில் எங்கள் பங்குப் பெரியவர்கள் உடனே கேட்கிறார்கள், நான் போவதில்லை. துன்புறுத்துவோருக்காக வேண்டச் சொன்ன இயேசுவே, தவறு செய்த சகோதரனைக் கடிந்துகொள்ளவும், அவன் மனம் மாறினால் மன்னிக்கவும் லூக்கா 17:3-இல் சொல்கிறார். இதை மட்டும் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

1981-இல் தம்மைச் சுட்ட அலி அக்சாவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மன்னித்தார், 1983-இல் சிறைக்கே சென்று அவரோடு பேசினார். ஆயினும் அக்சா 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பு தண்டனையை அழித்துவிடவில்லை.

ஓரியூருக்குத் திருப்பயணம் போகும் எங்கள் பக்கத்தவர் சிலர், 1693-இல் அங்கே தலை வெட்டப்பட்ட மறைப்பணியாளர் புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) பொறுமையைக் காட்டி, கணவனிடம் அடிபடும் பெண்ணையும் பொறுத்துப்போகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவர் நற்செய்திக்காக உயிர் கொடுத்தார். ஒரு வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை ஊர் அறியாமல் மூடுவதற்காக அல்ல.

தொடக்கத்தில் எனக்கு வாய்த்த செபம், பகைவனைச் சபிக்கும் 109-ஆம் சங்கீதம்தான். அதுவும் வேதத்தில் இருக்கிறது என்பதால் வெட்கப்படாமல் சொன்னேன். பல ஆண்டுகளில் கோபம் குறைந்ததே தவிர, தீரவில்லை. இன்றும் அந்த உறவினருடைய சுகத்துக்காக நான் வேண்டுவதில்லை. தாம் செய்ததைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் அருளை அவருக்குத் தரும்படி மட்டும் கேட்கிறேன்.