பேட்டரி தீர்ந்தால் அதிமனிதன் இல்லை

இரண்டாம் உலகப்போர், நாஜிகள், அதிசக்தி கொண்ட சிப்பாய்கள். இந்த மூன்றையும் சேர்த்து எழுதிய மசாலா நாவல்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் யார் யாரை எப்படி அடித்தார்கள் என்பதைத் தாண்டி ஒன்றும் இருக்காது. இயன் ட்ரெகில்லிஸ் 2010இல் எழுதிய 'பிட்டர் சீட்ஸ்' அந்தக் கூட்டத்தில் சேராது. இதுவும் சாகச நாவல்தான், துரத்தலும் வெடியும் தீயும் எல்லாம் உண்டு, ஆனால் இதில் எந்த சக்தியும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அதனாலேயே எனக்கு இந்தப் புத்தகத்தை அவ்வளவு பிடித்திருக்கிறது.

கதை சுருக்கமாக இதுதான். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, ஜெர்மனியில் வைமார் பக்கம் ஒரு பண்ணையில் வான் வெஸ்டார்ப் என்ற டாக்டர் அநாதைக் குழந்தைகளைச் சேர்க்கிறான். அவர்கள்மேல் வருடக்கணக்கில் சோதனை நடக்கிறது. பல குழந்தைகள் செத்துப்போகிறார்கள். பிழைத்தவர்களின் மண்டையோட்டுக்குள்ளிருந்து ஒயர் வெளியே வந்து இடுப்பு பெல்ட்டில் இருக்கும் பேட்டரியில் சேர்கிறது, அந்த மின்சாரம் பாயும் வரைக்கும்தான் அவர்களுக்கு சக்தி. கிளாவுஸ் சுவருக்குள் புகுந்து போவான், ரைன்ஹார்ட் தீயை வரவழைப்பான், ஹைகே கண்ணுக்குத் தெரியாமல் மறைவாள். கிளாவுஸின் சகோதரி கிரெட்டல் எதிர்காலத்தைப் பார்ப்பாள்.

மின்சாரம், மறைதல் என்றதும் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இரும்புக்கை மாயாவி ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஷாக் அடித்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தக் கதைகளில் நம்மைப் பக்கத்துக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது மாயாவியின் சக்தி மட்டுமில்லை, சரியான நேரத்துக்கு மின்சாரம் கிடைக்குமா, வேலை முடிவதற்குள் உடம்பு திரும்பத் தெரிந்துவிடுமா என்ற பதற்றமும்தான். ட்ரெகில்லிஸ் இந்தப் பதற்றத்தை நன்றாகப் பிடித்திருக்கிறார். கிளாவுஸ் எங்கே போனாலும் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறான், நாமும் கூடவே பார்க்கிறோம், சுவரின் நடுவில் இருக்கும்போது அது தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தாளர் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அணுகுண்டு பிறந்த அதே இடம். விஞ்ஞானத்துக்கும் போருக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பது தெரிந்த ஆள் எழுதியது என்பது பண்ணைக் காட்சிகளில் தெரிகிறது. காம்லர் என்று ஒருவன் வருகிறான், பொருள்களைத் தொடாமலே நசுக்கக்கூடியவன், ஆனால் மனவளர்ச்சி குன்றியவன். அவன் கழுத்தில் பட்டி மாட்டி, ஒரு அதிகாரி வாரைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறான். அந்தக் காட்சிக்கு அப்புறம் 'சூப்பர் சிப்பாய்' என்ற சொல்லை எனக்குப் பழையபடி உற்சாகமாகச் சொல்ல வரவில்லை. இவர்கள் அந்த அரசுக்கு மனிதர்களே இல்லை, கிடங்கில் வைத்து எடுக்கும் ஆயுதம்.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. உண்மையான ஜெர்மன் ராணுவம் 1940இல், ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள், மூன்றரைக் கோடி மெத்தாம்பெட்டமைன் மாத்திரைகளைத் தன் சிப்பாய்களுக்காக வாங்கியது. பெர்விட்டின் என்பது அதன் பெயர், டெம்லர் என்ற கம்பெனி 1938இல் கடைகளில் விற்க ஆரம்பித்தது. தூக்கம் வராது, பயம் குறையும், ராப்பகலாக டாங்கியை ஓட்டிக்கொண்டே போகலாம். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய ஹைன்ரிஹ் பெல் அப்போது சாதாரணச் சிப்பாய், பெர்விட்டின் அனுப்பச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் ஆட்களுக்கு பென்செட்ரின் என்ற இதே மாதிரி ஊக்க மாத்திரையைக் கொடுத்தன. களைப்படையாத மனிதனைத் தயாரிக்கும் ஆசை எல்லாத் தரப்புக்கும் இருந்தது, நாவல் அதற்கு ஒயரும் பேட்டரியும் மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, பிரிட்டிஷ் பக்கம் என்ன செய்கிறார்கள்? அங்கேதான் புத்தகம் இன்னும் இருட்டாகிறது. ரேபோல்ட் மார்ஷ் என்ற உளவாளி 1939இல் ஸ்பெயினுக்குப் போய் இந்த அதிமனிதர்கள் பற்றிய பாதி எரிந்த ஃபிலிமோடு திரும்புகிறான். (ஜெர்மனி தன் விமானங்களையும் குண்டுகளையும் நிஜமாகவே ஸ்பெயினில்தான் சோதித்துப் பார்த்தது, கெர்னிக்கா என்ற ஊர் 1937இல் அப்படித்தான் எரிந்தது, ஆகவே நாவலாசிரியர் தன் ஆட்களையும் அங்கே இறக்கியது ரொம்பப் பொருத்தம்.) இவர்களை எதிர்க்க பிரிட்டனிடம் இருப்பது மந்திரவாதிகள். வில் என்ற பிரபு குடும்பத்துப் பையன் அவர்களில் ஒருவன். மனிதர்களை அடியோடு வெறுக்கும் ஏதோ சக்திகளோடு பேரம் பேச வேண்டும், ஒவ்வொரு உதவிக்கும் ரத்தத்தில் விலை கேட்கும். முதலில் ஒரு விரல்நுனி. அப்புறம் விலை ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் நாட்டைக் காப்பாற்றுவதற்காகச் சொந்த நாட்டு மக்களையே ரகசியமாகக் கொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். வில் அதில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோகும் பக்கங்கள்தான் என் கணக்கில் இந்த நாவலின் உச்சம். எந்தச் சண்டைக் காட்சியும் அதற்கு ஈடாகாது.

குறையும் இருக்கிறது. மார்ஷின் மனைவி லிவ் வீட்டில் காத்திருப்பதற்கும் அழுவதற்கும் மட்டுமே வருகிறாள், அவளுக்கென்று ஒரு மனது இருப்பதை ஆசிரியர் காட்டவே இல்லை. நடுவில் மாதங்கள் சட்டென்று தாண்டிப் போவதால் சில இடங்களில் போரின் போக்கு பிடிபடாமல் போகிறது, 1940இன் உண்மை வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் நாவலில் எது மாறியிருக்கிறது என்று புரிந்து படிக்கலாம்.

ஆனால் கிரெட்டலுக்காக எல்லாவற்றையும் மன்னிப்பேன். சடை பின்னிக்கொண்டு, காட்டுப்பூ பறித்துக்கொண்டு, அமைதியாகச் சிரித்துக்கொண்டு, நடப்பது எல்லாம் தெரிந்தும் யாரையும் காப்பாற்றாமல் இருக்கும் அவளைப் போல ஒரு வில்லியைச் சமீபத்தில் நான் படிக்கவில்லை. அவள் ஏன் இப்படிச் செய்கிறாள் என்பதற்கு, மூன்று பாகக் கதையின் முதல் பாகமான இதில் விடை கிடையாது. 2012இல் வந்த 'தி கோல்டஸ்ட் வார்', 2013இல் வந்த 'நெசசரி ஈவில்' இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், நடுவில் விட்டால் தூக்கம் வராது.