கப்பல் டின்னருக்குக் கோட்டு சூட்டு வேண்டாம், ஆரணிப் பாவாடை போதும்

ஊருக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போன உல்லாசக் கப்பல் மேல் ஒரு குறையும் இல்லை, அருமையான பயணம். கோபமெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் மேல்தான். "ராத்திரி டின்னருக்குப் பையனுக்குக் கோட்டு சூட்டு, பாப்பாவுக்கு கவுன் இல்லைன்னா உள்ளேயே விடமாட்டாங்க மேடம்" என்று கிளம்பும் நேரத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவரே ஒரு வாடகைக் கடையையும் கைகாட்டினார். ஆறு வயசுப் பையன் கோட்டுக்கு வாடகை 1,800 ரூபாய், அட்வான்ஸ் 3,000. கறை பட்டால் அட்வான்ஸ் திரும்பாது. ஆறு வயசுப் பிள்ளை கறை படாமல் சாப்பிடுமா? வேலூர் அக்னி வெயிலில் அந்தக் கோட்டை மாட்டிப் பார்த்ததுமே பையனுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து அழுகை வந்துவிட்டது. கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று ராத்திரியே கப்பல் கம்பெனியின் விதிகளை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பெரிய டைனிங் ஹாலில் நீச்சல் உடை, குளியல் அங்கி, வெறுங்கால், கை இல்லாத பனியன், தொப்பி இதெல்லாம் கூடாது. மற்ற நாட்களில் ஓரளவு நேர்த்தியான சாதாரண உடுப்பு. ஒரு ராத்திரி மட்டும் 'ஃபார்மல் நைட்', எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் நாள். அதற்கும் அவரவர் நாட்டுப் பாரம்பரிய உடை தாராளமாகச் செல்லும். பிள்ளைகளுக்குக் கோட்டு கட்டாயம் என்று எங்கேயும் இல்லை. அதுவும் பிடிக்காவிட்டால் மேல்தளத்து பஃபே இருக்கவே இருக்கிறது. அங்கே சட்டையும் செருப்பும் இருந்தால் போதும், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

எங்கள் பழைய வட ஆற்காட்டில் இல்லாத உடுப்பா? கண்ணமங்கலம் வழியாக பஸ் ஏறினால் ஆரணி. ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்துப் பட்டைவிட எடை குறைவு, விலையும் குறைவு, பிள்ளைகள் உடம்புக்கு உறுத்தாது. அரக்கு நிறத்தில் மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட துணியைப் பாப்பாவின் பாவாடை ரவிக்கைக்கு எடுத்து, சத்துவாச்சாரியில் எங்கள் டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். கொக்கிக்குப் பதில் முதுகில் ஜிப், உள்ளே முழுக்கக் காட்டன் லைனிங், இடுப்பில் நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். பாவாடை கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலேயே நிற்க வேண்டும் என்று சொல்லி, கீழே இரண்டு டக் பிடிக்கச் சொன்னேன். கப்பல் லேசாக ஆடும்போது மாடிப்படியில் தரை புரளும் பாவாடை ஆபத்து. அடுத்த வருஷம் ஒரு டக்கைப் பிரித்தால் உயரத்துக்குச் சரியாகிவிடும். தையற்கூலி சேர்த்தும் ஒரு கவுன் வாடகையைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் இது எங்கள் பீரோவிலேயே இருக்கும், அடுத்த கல்யாணத்துக்கும் ஆகும்.

பையனுக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி, வெள்ளைச் சட்டை. மற்ற ராத்திரிகளுக்கு நேவி ப்ளூ பேண்ட், காலர் வைத்த டி-ஷர்ட். ஷூவுக்கு ஆம்பூர். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர் பக்கத்தில் இருக்கும்போது மாலில் போய்க் காசைக் கொட்ட எனக்கு மனசு வராது. முன்பக்கம் மூடின கறுப்பு லெதர், லேஸ் இல்லாமல் ஒட்டுகிற பட்டை. பள்ளிக்கூடத்துக்கும் அதையேதான் போடப்போகிறான்.

காட்பாடியில் ரயில் ஏறினது, சென்னையில் விமானம் ஏறினது எல்லாம் வழக்கம்போல்தான். சிங்கப்பூர் மரினா பே துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் இரண்டு பிள்ளைகளும் வாயடைத்து நின்றார்கள். அங்கே ஒரு விஷயம். பெரிய பெட்டிகளை நுழைவிலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை கேபின் வாசலுக்கு வந்து சேரச் சில சமயம் ராத்திரி ஆகிவிடும். முதல் டின்னரோ சாயங்காலமே. எனவே அன்றைக்குப் போட வேண்டிய உடுப்பைக் கைப்பையிலேயே வையுங்கள். இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும் என்று ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துவிடுவார்கள். சட்டையைப் பாத்ரூமில் ஹேங்கரில் மாட்டி, ஷவரில் சுடுதண்ணீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டால் அந்த ஆவியிலேயே சுருக்கம் போய்விடும்.

ஸ்வெட்டர் அவசியம். டைனிங் ஹால் ஏசி ஏலகிரி மார்கழிக் குளிர் மாதிரி. முன் பட்டன் வைத்த மெல்லிய ஸ்வெட்டர் நல்லது, தலை வழியாக மாட்டுவது என்றால் பின்னின ஜடை கலைந்துவிடும்.

பினாங்கில் சாப்பிட்ட நாசி கண்டாரைச் சொல்லாமல் எப்படித் தாண்டுவேன்! அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் கம்பு வைத்துச் சுமந்து விற்ற சாப்பாடு. சூடான சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு எல்லாவற்றையும் கலந்து ஊற்றுகிறார்கள். வெண்டைக்காய் தனி. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டு வளர்ந்த நாக்கு எனக்கு, சும்மா பாராட்டாது. கப்பலில் இலவசமாகக் கிடைத்த எந்தச் சாப்பாடும் இதன் பக்கத்தில் நிற்காது. பையன் சட்டை முழுக்க மஞ்சள் குழம்பு. பகல் சட்டை வேறு, ராத்திரிச் சட்டை வேறு என்று பிரித்து வைத்திருந்ததால் எனக்குக் கவலையே இல்லை. கப்பலில் துணி துவைக்கக் கேட்கும் காசுக்கு நம்மூரில் புதுச் சட்டையே எடுத்துவிடலாம்.

புக்கெட்டில்தான் வயிற்றெரிச்சல். கப்பல் கடலில் நிற்க, சின்னப் படகில் கரைக்குப் போனோம். போக வர 1,200 பாத் என்று பேசி ஏறின கார், திரும்பும்போது நடுவழியில் ஓரங்கட்டி நின்றுவிட்டது. காத்திருந்ததற்கு இன்னும் 600 பாத் வைத்தால்தான் படகுத்துறைக்குப் போவேன் என்றார் டிரைவர். கப்பல் நமக்காக நிற்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு நான்தான் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். பகல் கொள்ளை! கப்பல் ஏற்பாடு செய்யும் வண்டிக்கு விலை அதிகம் என்றுதான் வெளியே கார் பிடித்தோம், அதுவே கிட்டத்தட்ட இந்தக் காசுக்கு வந்திருக்கும்.

அன்றைக்குத்தான் ஃபார்மல் நைட். கேபினுக்குள் நுழையும்போது டின்னருக்குப் பத்து நிமிஷம். இரண்டு பேரையும் குளிப்பாட்டி, ஜிப்பை இழுத்து, வேட்டியை ஒட்டி, ஷூ பட்டையை அமுக்கி, மணியடிக்க மேஜையில் உட்கார்த்திவிட்டேன். கோட்டும் டையும் இருந்திருந்தால் நடக்குமா? பரிமாறின பிலிப்பைன்ஸ் அக்கா பாப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பக்கத்து மேஜையில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பாட்டி ஒருவர் பார்டரைத் தொட்டுப் பார்த்து, "ஆரணியாம்மா? எங்க அம்மாவுக்கு வாலாஜாபேட்டை" என்றார். சாப்பாடு முடியும்வரை அந்தப் பாட்டி பாப்பாவின் கையை விடவில்லை. துணி நாப்கினை இரண்டு பக்கமும் சேஃப்டி பின் வைத்து பாப்பாவின் ரவிக்கையில் குத்தியிருந்தேன், தக்காளி சாஸ் அத்தனையும் அதிலேயே தங்கிவிட்டது.

கப்பல் போட்டோகிராபரிடம் மயங்கிவிடாதீர்கள், ஒரு பிரிண்டுக்கே இருபது டாலருக்கு மேல். அதே படிக்கட்டில் நம் போனில் எடுத்தால் யாரும் தடுப்பதில்லை.

கடைசி ராத்திரி பெட்டிகளிலெல்லாம் அடையாளச் சீட்டு கட்டி கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் கைக்கு வரும். மறுநாள் போடும் உடுப்பு, உள்ளாடை, செருப்பு மூன்றையும் முதலில் தனியே எடுத்துவைத்துவிட்டு அப்புறம் பெட்டியை மூடுங்கள். எங்கள் எதிர் கேபின் குடும்பத்துக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு எங்கள் பையனின் இன்னொரு டி-ஷர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம்.