இடைக்காட்டூரில் மீண்டும் சொன்ன வாக்கு

எங்கள் திருமணத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவு நாளன்று, மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் பேருந்தில் நானும் என் மனைவியும் ஏறி, முத்தனேந்தலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் ஆலயத்தை அடைந்தோம். பிரான்சு நாட்டின் ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில், அருட்தந்தை பெர்டினாண்ட் செல்லே அவர்களின் முயற்சியால் 1894-இல் எழுந்த ஆலயம் இது.

பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது விவிலியத்தில் உள்ள மலாக்கி இறைவாக்கினர் நூலின் இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஆண்டவரின் பீடத்தைக் கண்ணீரால் நிரப்பியும் எங்கள் காணிக்கை ஏன் ஏற்கப்படவில்லை என்று கேட்கும் மக்களுக்கு, உனக்கும் உன் இளமைக்கால மனைவிக்கும் இடையே ஆண்டவரே சாட்சியாக நிற்கிறார், அவளுக்கு நீ துரோகம் செய்தாயே என்ற பதில் அங்கே கிடைக்கிறது. பீடத்தை நோக்கி வருபவனைப் பக்கத்தில் இருப்பவளிடம் திருப்பி அனுப்பும் வார்த்தை அது.

கண்ணகியின் கற்பைக் கொண்டாடும் மதுரை மண்ணில் பிறந்த நாம், மணத்துணைக்கு உண்மையாயிருக்கும் பிரமாணிக்கத்தைப் பெண்ணின் கடமையாகவே பேசிப் பழகிவிட்டோம். விவிலியமோ இதில் ஆண்களையே முதலில் பிடித்து நிறுத்துகிறது. இச்சையோடு ஒரு பெண்ணை நோக்குபவன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்துவிட்டான் என்கிறார் இயேசு. மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமையைச் சொன்ன அதே மூச்சில், கணவனின் உடலும் மனைவிக்கு உரியது என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார் பவுல்.

வேலை நிமித்தம் நான் வெளியூரில் தங்கியிருந்த நாட்களில், வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் வேறொரு பெண்ணிடம் பேசி மகிழ்ந்த காலம் ஒன்று என் வாழ்விலும் உண்டு. எல்லை மீறவில்லையே என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பின்னர் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மனைவியிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தாள், ஆனால் பேச்சு பழையபடி திரும்ப நெடுநாள் ஆயிற்று.

உன் சொந்தக் கிணற்றின் நீரையே பருகு என்று நீதிமொழிகள் ஐந்தாம் அதிகாரம் கணவனுக்குச் சொல்கிறது. வைகை வறண்ட மாதங்களில், ஆற்றுமணலில் என் அம்மா ஊற்றுத் தோண்டியதை நான் சிறுவயதில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஊறுவது கலங்கல்தான். அதைக் கொட்டாங்குச்சியால் முகந்து முகந்து வெளியே ஊற்றிவிட்டு, அடிமணல் படியும்வரை குந்தியிருந்து காத்த பிறகே குடத்தில் ஊற்றத் தகுந்த தண்ணீர் கிடைக்கும். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது அம்மாவின் அந்தக் காத்திருப்புதான்.

காலைத் திருப்பலி முடிந்து ஆலயம் ஏறத்தாழ காலியாக இருந்தது. தேய்ந்து மழுங்கிய தாலிச் சிலுவையைப் பெருவிரலால் வருடியபடி மனைவி செபித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் திறந்ததும், வலக்கையைப் பிடித்து, திருமண நாளில் சொன்ன வாக்கைத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினேன்: “இன்பத்திலும் துன்பத்திலும்…” அதற்குமேல் வரிசை எனக்குப் பிடிபடவில்லை.

“உடல்நலத்திலும் நோயிலும்,” என்று அவள் எடுத்துக் கொடுத்தாள்.