இன்ஸ்பையர் விருது: ஐடியா கிடைத்துவிடும், பாஸ்புக்தான் படுத்தும்

போன கல்வியாண்டில் எங்கள் பள்ளியிலிருந்து அனுப்பிய ஐந்து ஐடியாக்களில் ஒன்று இன்ஸ்பையர் மானக் விருதுக்குத் தேர்வானது. பத்தாயிரம் ரூபாய் வந்துவிட்டது, மாவட்டக் கண்காட்சியும் முடிந்துவிட்டது. வாழ்த்துச் சொல்கிற எல்லாரும் "இந்த ஐடியாவை எப்படிப் பிடிச்சீங்க டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள். ஐடியா ஒரு மத்தியானத்தில் கிடைத்துவிட்டது. எங்களை அலைய வைத்தது பேங்க் கணக்கு. அடுத்த முறை வழிகாட்டி ஆசிரியராக மாட்டப்போகிறவர்களுக்காக, கோபம் ஆறிப்போவதற்குள் எழுதி வைக்கிறேன்.

திட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பள்ளிப் பிள்ளைகளின் புதுமையான ஐடியாக்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்துவது. பள்ளிக்கு ஐந்து பேர் வரை பெயர் கொடுக்கலாம். தேர்வானால் அந்த ஐடியாவை மாதிரியாகச் செய்து பார்க்கவும் மாவட்டக் கண்காட்சிக்குப் போய் வரவும் பிள்ளையின் கணக்கிலேயே 10,000 ரூபாய் போடுவார்கள். மாவட்டம், அதற்கப்புறம் மாநிலம், தேசியம்.

முதல் தலைவலி லாகின். திட்டத்தின் இணையதளத்தில் எங்கள் பள்ளியின் பதிவு, ஓய்வு பெற்றுப் போன தலைமையாசிரியரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் கடிதம் அவருக்குப் போகிறது. அவரோ மகன் வீட்டில் பேரனோடு இருக்கிறார், மின்னஞ்சல் திறந்தே பல காலம் ஆகிவிட்டது. நல்ல மனிதர், போனில் நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கென்று இருக்கிற மின்னஞ்சலை மட்டும் கொடுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் கொடுத்தால், மாறுதலாகிப் போன பிறகும் இந்தப் பள்ளி உங்களைத் தேடி வரும்.

ஐடியாவுக்கு வருவோம். வகுப்பில் கேட்டால் முதலில் வருவது யூடியூப்தான். இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு, ஹெல்மெட் போட்டால் மட்டும் ஓடும் வண்டி, பார்வையற்றோருக்குச் சத்தம் போடும் கைத்தடி. எதையும் குறை சொல்லவில்லை, ஆனால் இவற்றைத் தேர்வாளர்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள். அதனால் "உங்க வீட்ல யாருக்கு எங்க வலிக்குது? அது மட்டும் எழுதுங்க" என்றேன். எங்கள் பக்கம் தென்காசி மாவட்டம். பாதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியிருந்தது: "அம்மாவுக்கு முதுகும் கழுத்தும் வலிக்கும். தூள் மூக்கில் ஏறி ராத்திரி எல்லாம் இருமுவாங்க."

அதற்கு மேல் நான் செய்தது குறைவு. சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக் குனிந்து சுற்றுவதற்குப் பதில், காலை நீட்டி நிமிர்ந்து உட்காரும்படி ஒரு தாங்கி. மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி, அதில் கை நுழைய இரண்டு ஓட்டை. பின்பக்கம் பழைய கம்ப்யூட்டர் மின்விசிறி ஒன்று, தூசியை இழுத்துத் துணிப் பைக்குள் தள்ளும். தமிழிலேயே எழுதி அனுப்பினோம். தமிழில் எழுதலாம், அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ஆங்கிலத்தில் மாற்றுகிறேன் பேர்வழி என்று பிள்ளையின் பேச்சைக் கெடுத்துவிடாதீர்கள்.

இனி பாஸ்புக்.

பெயர் கொடுக்கும்போதே பிள்ளையின் வங்கிக் கணக்கு எண்ணும், கிளையின் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி.யும் கேட்பார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தரும் உதவித்தொகைக்காக இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. நிம்மதி என்று நினைத்துப் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தால், ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எமிஸைத் திருத்துவது பள்ளியின் கைக்குள் இருக்கிற வேலை. மற்ற இரண்டையும் ஒன்றாக்க வங்கிக்குத்தான் போக வேண்டும்.

போனோம். கவுண்டரில் இருந்தவர் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போன கணக்கும்மா" என்றார். ரொம்ப நாளாக வரவு செலவு இல்லையாம். உயிர் கொடுக்க வேண்டுமானால் கே.ஒய்.சி., அதாவது அடையாள விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு அப்பா நேரில் வர வேண்டும். அப்பா கேரளாவில் ஹோட்டல் வேலையில் இருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார். பெயர் கொடுக்கக் கடைசி நாளோ செப்டம்பரில். "அம்மா வந்தா போதாதா சார்?" என்று கேட்டதற்கு நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கார்டியன் அப்பாதானே?" என்றார்.

வெளியே வந்து, படிக்கட்டில் நின்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் திறந்தேன். பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் அச்சாகி இருக்கிறது! கணக்கு தொடங்கும்போதே அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த மனிதர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பிப் போய்க் காட்டினால், "சாப்பாட்டு நேரம், நாளைக்கு வாங்க."

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பாதுகாவலராக வைத்து மைனருக்குக் கணக்கு தொடங்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை விரும்பினால் தானே கணக்கு தொடங்கி நடத்தவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இன்னொன்று இதைவிட முக்கியம். 2024 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி அறிவிப்பின்படி, அரசுத் திட்டங்களுக்காகவும் உதவித்தொகைக்காகவும் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை, இரண்டு வருடம் வரவு செலவு இல்லை என்பதற்காகச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கக் கூடாது. இரண்டையும் பிரிண்ட் எடுத்து, பிள்ளையின் உதவித்தொகைச் சான்றோடு சேர்த்துக் கிளிப் போட்டு எடுத்துப் போனேன். இந்த முறை கவுண்டருக்குப் போகவில்லை, நேராக மேலாளர் அறைக்கு. சத்தம் போடவில்லை. "இதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். அவர் படித்தார், கணக்கைத் திறந்து பார்த்தார், "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, முடிச்சிடலாம்" என்றார்.

முடியவில்லை. அம்மா வந்தார். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைக்க வேண்டிய நாள் அது, பாதி சுற்றாமல் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். ஆதார் சரிபார்க்கக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். வலது பெருவிரல், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை, எல்லாம் சிவப்பு. தூளும் இலையும் நூலும் உருட்டி உருட்டி அவர் விரல் நுனி முகம் பார்க்கிற அளவுக்கு வழவழவென்று இருக்கிறது, ரேகை என்று சொல்ல ஒன்றுமில்லை. பீடி சுற்றுகிறவர்களுக்கு இது சகஜம். ரேஷன் கடையிலும் இதே கூத்துதான். கவுண்டர்காரர், "ஆதார் மையத்துல போய் அப்டேட் பண்ணிட்டு வாங்க" என்றார். அப்டேட் செய்தால் ரேகை முளைத்துவிடுமா?

அம்மா என்னிடம் மெதுவாக, "விடுங்க டீச்சர், பத்தாயிரம் வரும்னு என்ன நிச்சயம்? இங்க வந்து நின்னா எனக்கு ஒரு நா கூலி போவுது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

திரும்பவும் மேலாளர். அவர் இந்த முறை கவுண்டர்காரரை உள்ளே கூப்பிட்டு, "பயோமெட்ரிக் விழலைன்னா பேப்பர்ல வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். ஆதார் நகல், அதில் கையெழுத்து, ஒரு போட்டோ, பழைய மாதிரி கே.ஒய்.சி. படிவம். கால் மணி நேரத்தில் முடிந்தது. கைரேகை மெஷின் ஒரு வசதி, அவ்வளவுதான். அது இல்லாமல் செய்ய வழி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். "பேப்பர் கே.ஒய்.சி. போடுங்க" என்ற அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போன காரியத்தோடு பெயரையும் ஆதாரில் இருப்பதுபோல மாற்றச் சொல்லி, புதிய பாஸ்புக் அச்சடித்து வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மற்ற நான்கு பிள்ளைகளில் ஒரு பையனின் பாஸ்புக் 2020 வங்கி இணைப்புக்கு முந்தையது. அதில் இருந்த ஐ.எஃப்.எஸ்.சி. இப்போது செல்லாது. இன்னொருவனுக்கு நான்கு எழுத்துக்கு அடுத்து வரும் பூஜ்யத்தை ஆங்கில 'ஓ' என்று நினைத்து அடித்து வைத்திருந்தார்கள். அந்த ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வரும்.

தேர்வுப் பட்டியல் வந்தது, பணமும் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை.

பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவுகிறதோ, அந்த வாரமே ஒருவர் பள்ளிக்கு வந்தார். "பிராஜெக்ட் ரெடியா இருக்கு மேடம், லைட் எரியும், சத்தம் வரும், சார்ட்டோட தர்றோம்" என்றார். வாசலோடு அனுப்பிவிட்டோம். இப்படி வாங்கி வைக்கும் மாதிரிகள் கண்காட்சியில் எப்படியும் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்லத் தெரியாது. நாங்கள் தாங்கிக்கு வேண்டிய பி.வி.சி. குழாயை உள்ளூர் பிளம்பரிடம் வெட்டி வாங்கினோம். மின்விசிறி, பழைய கம்ப்யூட்டர் கடையில். பில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்தோம். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இது இருக்கட்டும், நாளைக்குப் பணத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு வராமல் இருக்கும்.

முதல் மாதிரி ஊற்றிக்கொண்டது. மின்விசிறியைப் போட்டதும் தூசியோடு சேர்த்துத் தூளையும் இழுத்தது, அம்மா கத்திவிட்டாராம். கடையில் நிறுத்துக் கொடுத்த தூள் அல்லவா, குறைந்தால் அவர் கைக்காசு. அப்புறம் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன ரெகுலேட்டர் வைத்து, மின்விசிறியை மேலே ஏற்றி, துணியை இரண்டு மடிப்பாக்கினார்கள். அம்மாவே உட்கார்ந்து ஒரு கட்டு சுற்றிப் பார்த்து, "இப்பம் சரி" என்ற பிறகுதான் பெட்டியில் வைத்தோம்.

மாவட்டக் கண்காட்சி ஒரு கல்லூரி அரங்கில். எங்களுக்குக் கொடுத்த மேசை தூணுக்குப் பின்னால், பிளக் பாயிண்ட் கிடையாது. இருந்த இரண்டு பாயிண்ட்டிலும் ஏற்கெனவே நீளமாக ஒயர் இழுத்து வைத்திருந்தார்கள். எங்கள் மின்விசிறி பன்னிரண்டு வோல்ட் என்பதால் பேட்டரி எடுத்துப் போயிருந்தோம், தப்பித்தோம். பக்கத்து மேசைப் பையன் காலையிலிருந்து மத்தியானம் வரை மின்சாரத்துக்குக் காத்திருந்தான், நடுவர் அவன் மேசைக்கு வந்தபோதும் அவன் மாதிரி ஓடவில்லை. எந்த மாதிரியாக இருந்தாலும் சொந்த மின்சாரத்தோடு போங்கள். செல்லோ டேப், கத்தரிக்கோல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், குடிதண்ணீர், சாப்பாடு எல்லாமும். சாப்பாடு அங்கே கிடைக்கும் என்பார்கள், நம் முறை வரும்போது தீர்ந்திருக்கும்.

நடுவர்கள் கேள்வி கேட்கும்போது ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் பெரிய சோதனை. ஒருவர், "பீடியே உடம்புக்குக் கேடு. அதைச் சுத்துறதுக்கு வசதி பண்ணித் தர்றியே, இது சரியா?" என்று கேட்டார். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்து காட்டி, "குடிக்கிறவங்களுக்காக இல்ல சார், சுத்துறவங்களுக்காகப் பண்ணது. கையை உள்ள விட்டுப் பாருங்க" என்றது. அவர் சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டார். தூள் பறந்துவிடாதா என்று அடுத்த கேள்வி. முதலில் பறந்ததையும் அம்மா திட்டியதையும் ரெகுலேட்டர் வந்த கதையையும் அது அப்படியே சொன்னது. அவர் சிரித்துவிட்டார். வெகுநேரம் அந்த மேசையிலேயே நின்று, துணிப் பையை எத்தனை நாளைக்கு ஒருமுறை துவைக்க வேண்டும் என்பது வரை கேட்டார்.

மாவட்டத்தில் வைப்பவற்றில் பத்தில் ஒன்றுதான் மாநிலத்துக்குப் போகும். சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். எங்கள் பிள்ளையின் பெயர் இருந்தது. போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதுக்கும் பேங்குக்கு வரணுமா டீச்சர்?"

வர வேண்டாம். பெற்றோர் சம்மதக் கடிதம் மட்டும் போதும், அதில் அம்மாவின் கையெழுத்தே செல்லும்.

சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் வாங்கியதும் போட்டோவுக்கு ஓடாமல், அந்த மேசையிலேயே பெயரைப் படியுங்கள். எங்களுடையதில் இனிஷியல் மாறியிருந்தது. எழுதுகிறவர், "மேடம், ஒரு எழுத்துதானே?" என்றார். ஆதார் நகலையும் புதிய பாஸ்புக்கையும் எடுத்து அவர் முன்னால் விரித்தேன். முனகிக்கொண்டே வேறொன்று எழுதிக் கொடுத்தார்.